முதலில் திறக்கும் குழாய்

அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் ஒருவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேக்கிங் பிரிவுப் பெண்கள் வலக்கைக் கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்து, ஓரத்தை உரசிக் கூராக்கி வைத்திருப்பார்கள். சரியாக ஒட்டாத பொட்டலத்தின் மூலையைக் கிழிக்க அதைவிட நல்ல கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது அவர்கள் கட்சி. நிர்வாகம் கத்தரிக்கோல் கொடுத்திருந்தது. அதை எடுப்பவள் புதியவள் என்று பொருள். சுவைக்குழுவினரோ எல்லா நகங்களையும் ஒட்ட வெட்டியிருப்பார்கள். நகத்தடியில் தங்கும் சோப்பு மணம் பிஸ்கட்டில் ஏறிவிடும் என்பது அவர்கள் கட்சி. இரண்டு கட்சிகளிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மைக்காக யாரும் நகம் வளர்க்கவுமில்லை, வெட்டவுமில்லை.

மூக்கி தன் நகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வெட்டினாள். வெட்டிய துண்டை எறிய மனமில்லாமல் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். உள்ளேயிருந்து பார்த்த நாத்தனார், அதையும் பொட்டலம் போட்டு ஒட்டித் தரட்டுமா என்று கேட்டாள்.

மூக்கி என்பது பேக்கிங் பிரிவு வைத்த பெயர். பொட்டலங்களை நகர்த்தும் பட்டையின் மோட்டாருக்குள் ஏதோ கருகுவதை, புகை எழுவதற்கு வெகுமுன்பே அவள் ஒருநாள் மோப்பம் பிடித்து சுவிட்சை அணைத்தாள். திறந்து பார்த்த மெக்கானிக், கறுத்துப்போன கம்பிச்சுற்றைக் காட்டி, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கூரை மிஞ்சியிருக்காது என்றார். அன்றிலிருந்து மூக்கி. பட்டப்பெயர் கிடைக்காதவள் அந்த மேசைக்கு விருந்தாளி மட்டுமே என்பதால் அவள் அதைச் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டாள். நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, அதே மேசையில் பக்கத்தில் நின்று பொட்டலம் அடுக்குபவள். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே பெஞ்சு. அவள் ஒருத்தி மட்டும் மூக்கி என்று கூப்பிடாமல் அண்ணி என்பாள். ஆனால் வயதில் ஒப்பானவள் என்பதால் நீ, வா, போ என்றே பேசுவாள்.

மோட்டார் செய்தி ஆய்வகம்வரை போயிற்று. சுவைக்குழுவில் ஓரிடம் காலியாக இருந்தது. ஆய்வக மேடம் பேக்கிங் கூடத்துக்கு வந்து, சில குப்பிகளைத் திறந்து மூக்கியை முகரச் சொன்னார்; அவள் சொன்னவை எல்லாம் சரி. சோதனைக் காலம் ஒன்று உண்டு என்று மேடம் விளக்கினார். அந்தக் காலத்தில் அவளுடைய தீர்ப்பு குழுவின் தீர்ப்போடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் ஆய்வகத்திலேயே நிரந்தர வேலை, உட்கார்ந்து செய்யும் வேலை. இல்லாவிட்டால் மறுபடி பேக்கிங்.

உட்கார்ந்து என்ற சொல் அவள் கணுக்காலுக்குள் போய் நின்றது. பேக்கிங்கில் நாள் முழுக்க நிற்க வேண்டும். மாலையில் செருப்பின் வார் தோலில் பதிந்திருக்கும். ஆனால் அது மட்டும் காரணமில்லை. பேக்கிங் கூடத்தின் கண்ணாடிச் சன்னல் வழியாகச் சாப்பாட்டறையில் சுவைக்குழு உட்காரும் மேசை தெரியும். ஏழெட்டு ஆண்டுகளாக அவள் அந்த மேசையைப் பார்த்துவந்தாள். அவர்கள் டிபன் பாக்ஸின் மூடியைக் கவிழ்க்காமல் மல்லாத்தி வைப்பார்கள். அவளும் அப்படி வைக்கப் பழகியிருந்தாள். அவர்கள் சிரித்தால் பல் தெரியாது. அவளும் பல்லை மூடிக்கொண்டு சிரிக்க முயன்று, பல்வலியா என்று கேட்கப்பட்டாள். அந்த மேசையில் யாருக்கும் அவளைத் தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தெரியாத மனிதர்களைப் பார்த்துத்தான் அவள் தன்னை அளந்துவந்தாள், அளவு எப்போதும் குறைவாகவே வந்தது.

குழுவில் மூன்று பேர் இருந்தார்கள். தலைமூத்தவர் கணக்கர்; கணக்குப் பிரிவிலிருந்து முற்பகலில் மட்டும் ருசி பார்க்க வருவார். அடுத்தவர் ரிசப்ஷன் அக்கா. மூன்றாமவர் ஸ்டோர்க்காரர், எதையும் கடைசியாகச் சொல்பவர், அதனாலேயே ஆழமானவர் என்று பெயர் வாங்கியவர். மூவரும் பவுடர் பூசுவதில்லை. வெங்காயம் தொடுவதில்லை. முற்பகல் சோதனை முடியும்வரை காபி குடிப்பதில்லை. பிஸ்கட்டைக் கடிக்க மாட்டார்கள். காதருகே பிடித்து உடைப்பார்கள். "வெளிய இருக்கறவங்க கடிப்பாங்க. நாம உடைப்போம்" என்று கணக்கர் முதல்நாளே சொல்லிவைத்தார். அந்த 'நாம' மூக்கிக்கு அன்றே கொடுக்கப்பட்டது கடனாகத்தான் என்றாலும், அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பயன்படுத்தத் தொடங்கினாள்.

குழுவின் முக்கியமான சொல் 'பின்னாடி வருது' என்பது. விழுங்கிய பிறகு தொண்டையிலிருந்து மேலேறி வரும் மிச்சச் சுவையை அது குறிக்கும். நல்லதும் பின்னாடி வரும், கெட்டதும் பின்னாடி வரும். எது என்பதை முகபாவம் சொல்ல வேண்டும். மூக்கி ஒருநாள் வீட்டில் டீயைக் குடித்துவிட்டு, பின்னாடி ஏதோ வருகிறது என்றாள். அவள் கணவன் பைக் மெக்கானிக். அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

"யாரு வர்றாங்க?"

"டீயில. பாத்திரத்தோட வாசம் பின்னாடி வருது. நாங்க இதை உடனே கண்டுபிடிச்சிருவோம்."

நாத்தனார் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "யாரு அண்ணி இந்த நாங்க? நேத்துவரைக்கும் நாங்கன்னா அதுல நானும் இருந்தேனே." பிறகு டம்ளரை மரியாதையாக இரு கையாலும் வாங்கிக்கொண்டு, "நீங்க இருங்க. வேற பாத்திரத்துல போட்டுக் கொண்டாறேன்" என்றாள். நீங்க என்பது அன்று வந்தது. கேலிக்காக வந்ததுதான், ஆனால் கேலி முடிந்த பிறகும் அது போகவில்லை.

பேக்கிங் பிரிவுக்கு இதில் கேலி செய்ய மட்டுமல்ல, கோபப்படவும் காரணம் இருந்தது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் பேக் செய்யப்பட்ட சரக்கிலிருந்து மாதிரி எடுக்கப்பட்டு சுவைக்குழுவுக்குப் போகும். குழு வேண்டாம் என்றால், மொத்தச் சரக்கும் பேக்கிங்குக்கே திரும்பும். மாலையில் வேலை முடிந்த பிறகு பின்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்து, தாங்கள் ஒட்டிய பொட்டலங்களைத் தாங்களே ஒவ்வொன்றாகக் கிழித்து, பிஸ்கட்டை மாட்டுத்தீவனச் சாக்கில் கொட்ட வேண்டும். இதற்குக் கிழிப்பு என்று பெயர். கிழிப்பு நாளன்று பெண்கள் விரல்நுனி சிவந்து வீடு திரும்புவார்கள். பேக்கிங் மேசையில் சுவைக்குழுவுக்கு நாக்குப் பார்ட்டி என்று பெயர். மூக்கி பேக்கிங்கில் நின்றபோது அந்தப் பெயரை அவளும் சொல்லியிருக்கிறாள்.

சுவை அறை ஒரு நீண்ட சுவரை ஒட்டியது. பிளைவுட் தடுப்புகளால் நான்கு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டூல், எதிரே தட்டு வந்துபோகும் சிறு சன்னல், பக்கத்தில் சின்னத் தொட்டி, குழாய், பச்சையும் சிவப்புமாக இரண்டு சுவிட்சுகள். சன்னலுக்கு அந்தப் பக்கம், எந்நேரமும் இரையும் மின்விசிறிக்குக் கீழே, மேடம். உள்ளே பேசக் கூடாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. ஒருவரின் கருத்து இன்னொருவரைத் தொற்றாமலிருக்கவே இந்த ஏற்பாடு என்று மேடம் விளக்கியிருந்தார். பிஸ்கட் நன்றாக இருந்தால் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் பச்சையை அழுத்துவார்கள். நன்றாக இல்லாவிட்டால் வாய் கொப்பளிக்கத் தோன்றும், குழாயைத் திறப்பார்கள், பிறகு சிவப்பு. அப்படி விதி ஏதும் இல்லை. உடம்பு தானாகச் செய்வது அது.

முதல் வாரங்களில் மூக்கி நேர்மையாகச் சாப்பிட்டாள். அதன் விளைவு மோசமாக இருந்தது. மற்ற மூவரும் சிவப்பு அழுத்திய நாட்களில் அவளுக்கு பிஸ்கட் நன்றாகவே இருந்தது. எவ்வளவு உடைத்தும், எவ்வளவு மென்றும், பின்னாடி எதுவும் வரவில்லை. மேடம் அவளைத் தனியே கூப்பிட்டு, வருத்தப்படாதே என்று தொடங்கினார். அந்தத் தொடக்கத்திலேயே அவளுக்கு வருத்தம் வந்துவிட்டது. உன் நாக்கு இன்னும் வெளியே இருக்கிறது என்றார் மேடம்.

வெளியே என்பது எங்கே என்பதும் தெளிவாக இல்லை. சாப்பாட்டறையில் அவள் டிபன் பாக்ஸோடு நின்றபோது, பேக்கிங் பெஞ்சில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் நகர்ந்து மூடியிருந்தார்கள். அந்த பெஞ்சுக்கு அப்படியொரு குணம் உண்டு: வேண்டியவள் வந்தால் நீளும், மற்றவள் வந்தால் சுருங்கும். சன்னலோர மேசையில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்லவில்லை, உட்காராதே என்றும் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்தாள். மூடியை மல்லாத்தி வைத்தாள். ரிசப்ஷன் அக்கா அவளுடைய மூடியைப் பார்த்தார், பிறகு சாப்பாட்டைப் பார்த்தார், பிறகு வெங்காயம் இருக்கிறதே என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகுதான் அவளுக்குச் சளி பிடித்தது. மற்றவர்களுக்கு வந்து போவது போல அது வந்தது, போயிற்று. போகும்போது அவளுடைய மூக்கையும் கொண்டுபோயிற்று. காலையில் சோப்புக்கட்டியை முகர்ந்தாள். கல்லை முகர்ந்தது போல இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் நின்றவரின் வியர்வைகூட அவளிடம் வரவில்லை. சுவை அறையில் பிஸ்கட்டை உடைத்து வாயில் போட்டபோது, ஈரமாகிவரும் மரத்தூளை மெல்கிறோம் என்பதற்கு மேல் எதுவும் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மோட்டார் வாசத்துக்காக வைத்த பெயரை வைத்துக்கொண்டு, வாசமே தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? ஸ்டூலில் உட்கார்ந்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் அவள் சும்மா இருந்தாள். அப்போது தடுப்புக்கு அப்பால் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு, தாமதமாக, ஸ்டோர்க்காரரின் பக்கத்திலிருந்து ஒன்று. மூக்கி தன் குழாயைத் திறந்தாள். கொப்பளித்தாள். சிவப்பை அழுத்தினாள்.

மறுநாள் குழாய்ச் சத்தம் எழவில்லை. அவள் தண்ணீரைக் குடித்துவிட்டுப் பச்சையை அழுத்தினாள். இப்படியே நாட்கள் போயின. மேடம் மறுபடி கூப்பிட்டார். இம்முறை முகம் மலர்ந்திருந்தது. அவளுடைய தீர்ப்பு குழுவோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது என்றும், இவ்வளவு விரைவில் ஒருவர் பக்குவப்பட்டுத் தாம் பார்த்ததில்லை என்றும் சொன்னார். "இப்பதான் உன் நாக்கு உள்ள வந்திருக்கு." கணக்கர் சாப்பாட்டு மேசையில் தன் தண்ணீர்ப் புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். ரிசப்ஷன் அக்கா, அன்றைய பிஸ்கட்டின் ஓரத்தில் மாவு கொஞ்சம் கூச்சப்பட்டது போல இருந்ததல்லவா என்று கேட்டார். மூக்கி கொஞ்சம் யோசித்து, கூச்சம்தான், ஆனால் பிடிவாதமில்லாத கூச்சம் என்றாள். ஸ்டோர்க்காரர் வெகுநேரம் கழித்துத் தலையசைத்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸில் அவள் தன்னையறியாமல் பல்லை மூடிக்கொண்டு சிரித்தாள். இம்முறை யாரும் பல்வலியா என்று கேட்கவில்லை.

மூக்கில்லாதவள் செய்யக்கூடிய தவறு ஒன்றை அவள் விரைவிலேயே செய்தாள். குளிர்காற்றில் கை வெடித்திருந்ததால், அலமாரியிலிருந்த குப்பியிலிருந்து கொஞ்சம் தடவிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அது நாத்தனாரின் வாசனைக் கிரீம். மற்ற மூவரும் தத்தம் அறைக்குள் போய்க்கொண்டிருந்தபோது ரிசப்ஷன் அக்கா நின்று, மூக்கைச் சுளித்து, யாரோ தோட்டத்தையே கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார். சுவை அறைத் தொட்டி வாய்க்கு மட்டும்; கை கழுவ வெளியே போக வேண்டும். பிஸ்கட் காத்திருக்காது, நாங்கள் தொடங்குகிறோம் என்று மேடம் சொல்லிவிட்டார்.

மிக அருகிலிருந்தது பேக்கிங் பிரிவின் கைகழுவும் தொட்டி. பொட்டலம் சுற்றும் பிளாஸ்டிக் ரோல் தீர்ந்துபோனால் புது ரோல் மாட்டும்வரை பெண்களுக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் சர்க்கரை ஒட்டிய கைகளை அங்கேதான் கழுவுவார்கள். அன்று ரோல் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியருகே யாரும் இல்லை. மூக்கி குழாயைத் திறந்தாள். சுவருக்குள் ஓடிய பைப் ஒரு பெருமூச்சு விட்டது. அவள் கையை நனைத்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு, தாமதமாக, மூன்றாவது.

அவள் குழாயை மூடினாள். சோப்பு நுரையோடு கைகளை நீட்டியபடி அங்கேயே நின்றாள். உள்ளே மூன்று பேர் கொப்பளித்துத் துப்புவது வரிசையாகக் கேட்டது. அந்தச் சுவரின் இரு பக்கத்தையும் அறிந்தவர் தொழிற்சாலையில் அவள் ஒருத்திதான். ஆனாலும் இரண்டு பக்கத்துக்கும் ஒரே பைப் என்பதை அவளும் அன்றுதான் கேட்டாள். உள்ளே தடுப்புகளுக்கிடையே உட்கார்ந்தவர் ஒவ்வொருவருக்கும் அந்தப் பெருமூச்சு பக்கத்து அறையிலிருந்து வருவதாகத் தோன்றியிருக்கும். கணக்கர் அது அக்காவின் குழாய் என்று நினைத்திருப்பார். அக்கா கணக்கருடையது என்று. இத்தனை நாளாக அந்த அறையில் முதலில் குழாயைத் திறந்தது குழுவில் யாருமில்லை. பேக்கிங் பெண்கள்.

அவள் அறைக்குப் போய் சிவப்பை அழுத்தினாள். வேறென்ன செய்வது?

அடுத்த சில நாட்கள் அவள் வீட்டில் நாத்தனாரிடம் வழக்கமில்லாத ஒரு கேள்வி கேட்டுவந்தாள்: இன்று ரோல் எப்போது தீர்ந்தது? சோதனை நேரத்தில் தீர்ந்த நாளெல்லாம் கிழிப்பு நாள். முன்னதாகவோ பின்னதாகவோ தீர்ந்த நாளெல்லாம் சரக்கு தப்பித்தது. நாத்தனாருக்குச் சந்தேகம் வந்து, ரோல் மேலே இவ்வளவு பாசம் ஏன், விட்டுப் போனபோது இல்லையே என்று கேட்டாள். மூக்கி அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மூக்கு போனதை மட்டும் சொல்லவில்லை.

நாத்தனார் கையிலிருந்த தட்டை ஒருமுறை துடைத்தாள், மறுமுறையும் துடைத்தாள்.

"அப்போ நாங்க கை கழுவுனா, நாங்களே கிழிக்கணும்."

"ஆமா."

"நாங்க கழுவாட்டி?"

"கிழிக்க வேண்டாம்."

"இதுக்கா நீங்க நகத்தை வெட்டினீங்க?"

மூக்கி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். மேடத்திடம் சொல்லுங்களேன் என்றாள் நாத்தனார். சொன்னால் குழுவே இருக்காது, தன்னை நிரந்தரமாக்க ஆளும் இருக்காது, கணுக்கால் இந்த ஆண்டு தாங்காது என்றாள் மூக்கி. கணுக்கால் என்று சொன்னாலும் அவள் கண்ணில் நின்றது சன்னலோர நாற்காலி. நாத்தனாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். சரி, கையைத் துடைத்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

பேக்கிங் மேசைக்கு அவள் காரணத்தைச் சொல்லவில்லை. 'அவங்க வாய் வச்சிருக்கப்போ நாம தண்ணியில கை வைக்கக் கூடாது' என்று மட்டும் சொன்னாள். காரணம் சொல்லியிருந்தால் விவாதம் நடந்திருக்கும். சொல்லாததால் அது உடனே நிலைத்தது. கிழிப்பு நின்றுபோனதும் அது உறுதிப்பட்டது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தெரியாமல் தொட்டியருகே போனபோது, பட்டப்பெயர்கூட இல்லாதவளுக்கு இவ்வளவு துணிச்சலா என்று அவளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஏன் என்று அவள் கேட்டாள். இங்கே அப்படித்தான் என்றார்கள். அதற்குள் அது அப்படித்தான் ஆகியிருந்தது.

பச்சை நாட்கள் தொடர்ந்தன. நிர்வாகம் மகிழ்ந்தது. கணக்கர் இதைச் சாப்பாட்டு மேசையில் விளக்கினார்: அடுப்புக்காரர்களுக்கு நம்மேல் பயம் வந்துவிட்டது, அதனால் ஒழுங்காகச் சுடுகிறார்கள். அக்கா ஒப்புக்கொண்டார். ஸ்டோர்க்காரர் பிறகு ஒப்புக்கொண்டார். பேக்கிங் பெஞ்சிலோ, மூக்கி கடந்துபோகும்போது யாராவது லேசாக நகர்ந்தார்கள். அங்கே ஓர் ஆள் உட்கார முடியாது, ஆனால் நகர்ந்தது தெரிந்தது. இரு மேசைகளும் அவளை ஒரே சமயத்தில் பொறுத்துக்கொண்ட ஒரே காலம் அதுதான். அந்தக் காலத்தில் சுவை அறையில் யாரும் எதையும் ருசி பார்க்கவில்லை.

ஒரு மாலை கணவன் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக் கதவில் மாட்டினான். மூக்கி நிமிர்ந்தாள். கிரீஸ் வாசம். மிக மெல்லியதாக, பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல. அவள் எழுந்துபோய்ச் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். கல்யாணமான புதிதில்கூட நீ இப்படிச் செய்ததில்லையே என்றான் அவன், சற்றே கூச்சத்தோடு. அவள் மறுக்கவில்லை.

மூக்கு அவசரப்படாமல் திரும்பிவந்தது. முதலில் கிரீஸ், பிறகு சோப்பு, பிறகு பஸ். சோதனைக் காலத்தின் கடைசி நாளன்று மேடம், இன்றும் ஒத்துப்போனால் மதியமே நிரந்தர உத்தரவு என்று சொல்லிவிட்டுச் சன்னலைத் திறந்தார். தட்டு வந்தது. மூக்கி பிஸ்கட்டைக் காதருகே உடைத்தாள். உடைந்த இடத்திலிருந்து வாசம் எழுந்தது.

கெட்டுப்போன எண்ணெய். நெடுநாள் பூட்டிக்கிடந்த அலமாரிக்குள் திறந்துவைத்த பெயின்ட் டப்பா. அவள் வாயில் போட்டாள், சந்தேகமேயில்லை. நாக்கின் இருபுறமும் சுருங்கின. எண்ணெய் பழசாகி, அந்தப் பழசிலேயே மொத்த மாவும் பிசையப்பட்டிருந்தது. பின்னாடி வருவது என்றால் என்ன என்பது அவளுக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்தது.

அவள் காத்திருந்தாள். இவ்வளவு மோசமான பிஸ்கட்டுக்கு யாராவது குழாயைத் திறக்காமலா இருப்பார்கள்? சத்தம் எழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் ரோல் தீர்ந்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களின் பேச்சு லேசாகக் கேட்டது. வாக்குக் கொடுத்தபடி, ஒட்டும் கைகளோடு, குழாயைத் தொடாமல் நின்றார்கள். தடுப்புகளுக்கு அப்பால் மூன்று பேர் வாயில் அந்தப் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, வேறு யாருக்காவது அது கெட்டுப்போயிருக்கிறதா என்று காத்திருந்தார்கள். கணக்கர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். பிறகு அவர் விழுங்கும் சத்தம் கேட்டது.

விழுங்கிவிடலாம். விழுங்கினால் நான்கும் பச்சை; மதியம் உத்தரவு; மாலையில் யாருக்கும் கிழிப்பு இல்லை; வீட்டில் நாத்தனார் நன்றாகப் பேசுவாள். திறந்தால்? மற்றவர்கள் தொடர்வார்கள் என்பதற்கு என்ன உறுதி? அவர்கள் சுவரைத் தொடர்ந்ததை அவள் கேட்டிருக்கிறாள், அவளைத் தொடர்ந்ததில்லை. தொடராவிட்டால் அவள் மட்டும் சிவப்பு, நாக்கு மறுபடி வெளியே. தொடர்ந்தால் நாத்தனாரின் விரல்கள். எப்படிப் பார்த்தாலும் ஒரு பெஞ்சு சுருங்கும். அவள் விழுங்க முயன்றாள். தொண்டை ஒப்புக்கொள்ளவில்லை. மோட்டார் கருகிய நாளில் கை யாரையும் கேட்காமல் சுவிட்சுக்குப் போனது நினைவுக்கு வந்தது. அன்று அவளுக்குப் பெயர்கூட இல்லை.

அவள் குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. அவள் கொப்பளித்தாள், துப்பினாள், மறுபடி கொப்பளித்தாள். தடுப்புகள் அசையாமல் இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கமும் பேச்சு நின்றுவிட்டது. அவர்களும் கேட்டிருக்க வேண்டும். அவள் சிவப்பை அழுத்திவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வெட்டிய கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடப்பக்கம் ஒரு குழாய் திறந்தது. அதற்கப்பால் இன்னொன்று. பிறகு, வழக்கத்தைவிடவும் தாமதமாக, வலப்பக்கம் ஸ்டோர்க்காரருடையது.

மதியம் கணக்கர் உற்சாகமாக இருந்தார். உடைத்தபோதே தெரிந்துவிட்டது என்றார். பொறுத்துப் பார்ப்போம், பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்களா என்றுதான் சும்மா இருந்தாராம். அக்கா, தனக்கு முந்தைய நாளே ஏதோ போல இருந்தது என்றார். மேடம் உத்தரவைக் கொண்டுவந்து மூக்கியின் டிபன் பாக்ஸ் மூடியின்மேல் வைத்தார். அக்கா எழுந்து, வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று சொல்லி, சன்னலோர நாற்காலியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். மூக்கி அதில் உட்கார்ந்தாள். அங்கிருந்து கண்ணாடி வழியாகப் பேக்கிங் கூடம் தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தவளுக்கு, இங்கிருந்து பார்த்தால் அது இவ்வளவு சிறியதாகத் தெரியும் என்று தோன்றியதில்லை. நாத்தனார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

மாலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் மூக்கி பின்பக்கக் கொட்டகைக்குப் போனாள். பெண்கள் சாக்குகளைச் சுற்றிப் பெஞ்சுகளில் உட்கார்ந்து கிழித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு அவள் வந்ததும் நின்றது. அவள் நின்றாள். பெஞ்சு நீளவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள், மூலையை இழுத்தாள், அது வழுக்கியது. பல்லால் கடிக்கப் பார்த்தாள்.

"நாம கடிக்க மாட்டோமே, உடைப்போம்ல?" என்றாள் ஒருத்தி. சிலர் சிரித்தார்கள்.

நாத்தனார் சிரிக்கவில்லை. தன் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். முகம் மாறியது. பக்கத்துச் சாக்கில் துப்பினாள்.

"நீதானே திறந்த?"

"நான்தான்."

"முதல்லயா?"

"முதல்ல."

நாத்தனார் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். சர்க்கரையும் மாவும் அந்தக் கையில் காலையிலிருந்து காய்ந்துபோய் ஒட்டியிருந்தன. "எப்படியும் திறக்கறவ காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல அண்ணி. நாங்களாவது கை கழுவியிருப்போம்."

பிறகு அவள் ஒரு பொட்டலத்தை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் மூலையை மட்டும் கீறி, பார்க்காமலே மூக்கியின் பக்கம் போட்டாள். மூக்கி அதைப் பிரித்துச் சாக்கில் கொட்டினாள். கொட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்து விழுந்தது.